கண்வில்லையில் ஒரு வளைவு

பேசாலையிலிருந்து மன்னார் டவுனுக்குப் பள்ளிக்கூட வான் ஓட்டுவது என் தொழிலாக இருந்தது. வானின் ஹெட்லைற் ஒன்று பழுதானால் எதிரே வருகிறவன் கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவான். என் வலது கண் பழுதாகிக்கொண்டிருந்ததை ஒருவரும் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. ஒரு தொலைநோக்கியைத் துருவத்துக்கு நேராக்கப் போய்த்தான் அது பிடிபட்டது. ஒரு வான் நிறைய ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவன் இப்படியொரு விசயத்தைத் தற்செயலாகத்தான் அறிந்தான்.

தொலைநோக்கி கனடாவிலிருந்து பெட்டியில் வந்தது. மனைவியின் தம்பி வருசத்துக்கு ஒரு பெட்டி கப்பலில் போடுவான். சவர்க்காரம், சொக்லேற், துவாய், பிறகு ரின் மீன். மீன்பிடி ஊரான பேசாலைக்கு மீன் அனுப்பி வைக்கிற மனிதனைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த முறை இரண்டு பெட்டி வந்தது. இரண்டாவதைத் திறந்தால் நீளக் குழாய் ஒன்று, இரும்புத் தாங்கி, மூன்று கால், மோட்டர், ஒரு பழைய கமெரா. தனக்கென்று ஆசையாக வாங்கியிருக்கிறான். அங்கத்தைய குளிருக்குள் வெளியே நின்று வானம் பார்க்க அவனுக்குப் பொறுமை வரவில்லை. அவனுடைய மனைவிக்கோ கராஜில் இடம் வேண்டியிருந்தது. ஆகவே அத்தானுக்கு அன்பளிப்பு.

எனக்கு அது பிடித்துப்போனது. பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை இறக்கியபின் எனக்கு வேலை இல்லை. வீட்டில் சண்டை பிடிக்கவும் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில் முற்றத்தில் குழாயை வைத்து நிலாவைப் பார்த்தேன், வியாழனைப் பார்த்தேன். மச்சான் ஆசை ஆறுமுன் எடுத்த ஒரே படத்தைக் கைபேசியில் அனுப்பினான். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், எங்கள் பேச்சில் வெள்ளிகள்; அவற்றுக்குக் கீழே, அடுப்புப் புகை போல ஒரு மேகம், நடுவில் இளஞ்சிவப்பு. வெறும் கண்ணுக்கு அது ஒரு மங்கல் புள்ளி. குழாய் வழியாகப் பார்த்தால் சாம்பல் நிறம். கமெராவைப் பூட்டி ஐந்து நிமிசம் திறந்து வைத்தால்தான் அந்தச் சிவப்பு வரும் என்றான். அந்தச் சிவப்பு எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் தோன்றுகிற ஆசைகளுக்குக் காரணம் கேட்கக்கூடாது.

ஐந்து நிமிசம் என்பது சும்மா இல்லை. பூமி சுழல்கிறது, வெள்ளி நகர்கிறது, அதற்குப் பின்னால் குழாயும் போக வேண்டும். அதற்குத்தான் மோட்டர். ஆனால் தாங்கியின் அச்சு, பூமியின் அச்சு பார்க்கிற அதே இடத்தை, அதாவது வானத்தின் வட துருவத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மோட்டர் வெள்ளியைத் தவறான பாதையில் துரத்தும்; படத்தில் புள்ளிக்குப் பதில் கோடு விழும். கனடாவில் துருவம் வானத்தின் பாதி உயரத்துக்குக் கிட்ட நிற்கும். மன்னாரில் அது கடலுக்கு மேல் வெறும் ஒன்பது பாகை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அந்த முட்டிக்குள் அடங்கிவிடும்.

தாங்கியோ குளிர்நாட்டுக்காரனுக்குச் செய்தது. அதன் சரிவுத் திருகாணி இருபது பாகைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையும் சொன்னேன். கடைசியில் தெற்குப் பக்கத்துக் காலுக்குக் கீழே கொங்கிரீற் கற்களை அடுக்கி, முழுத் தாங்கியையும் வடக்கே குனிய வைத்தேன். அது சாமி கும்பிடுவதுபோல் நின்றது. விழாமல் இருக்க ஒரு மண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

துருவ வெள்ளி தெரிந்தால் அதைப் பார்த்து அச்சை நேராக்கிவிடலாம். எங்கள் முற்றத்திலிருந்து அது தெரிந்ததே இல்லை என்று சொல்லலாம். அந்த உயரத்தில் எப்போதும் மூடுபனி போலக் கடற்புகார் கிடக்கும். புகார் இல்லாத நாளில் இந்திய இழுவைப் படகுகளின் வெளிச்சம் அடிவானம் முழுக்க நிற்கும். இரண்டும் இல்லாவிட்டால் பக்கத்து வளவுப் பனை. கைபேசியில் இருக்கிற திசைகாட்டியைப் பிடித்தேன். தாங்கியின் இரும்பைக் கண்டதும் அதற்குப் பைத்தியம் பிடித்தது. மச்சானுக்கு அழைப்பு எடுத்தேன்.

"வடக்கு வெள்ளி தெரியாட்டிப் பறவாயில்லை அத்தான். வேற வெள்ளியை வச்சே நேராக்கலாம். அது எந்தப் பக்கம் விலகுதெண்டு பாத்தாக் காணும்" என்றான்.

வழி இதுதான். குழாயின் நுனியில் பூட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கிற, குறுக்குக் கோடு போட்ட கண்வில்லை ஒன்று பெட்டியில் இருந்தது. இருட்டில் அதன் கோடுகள் மெல்லிய சிவப்பாகத் தெரியும். தெற்கு வானில், உச்சிக்குக் கிட்ட நிற்கிற ஒரு வெள்ளியைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைக்க வேண்டும். மோட்டர் ஓடும். அச்சு சரியென்றால் வெள்ளி கோட்டைவிட்டு அசையாது. வெள்ளி மெல்ல மெல்லத் தெற்கே விலகினால், அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது. வடக்கே விலகினால் மேற்கே பார்க்கிறது. அதைத் திருத்தியபின் கிழக்கில் தாழ எழும்பி வருகிற இன்னொரு வெள்ளியைப் பிடித்து, அச்சின் உயரத்தைத் திருத்த வேண்டும். துருவத்தைப் பார்க்காமலே துருவத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. பொறுமை மட்டும் போதும் என்றான் மச்சான். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பெட்டியே இங்கே வந்தது என்பதை நான் சொல்லவில்லை.

மாசி மாதம். மழை போய்விட்டது, தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுத் தொடங்கவில்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. மூன்று வெள்ளிகளில் ஓரத்தில் இருப்பதைப் பிடித்துக் கோட்டில் வைத்தேன். கண்ணை எடுத்துக் கதிரையைச் சரிசெய்து திரும்பிப் பார்க்குமுன் அது கோட்டைத் தாண்டி எங்கோ போய்விட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி ஓடியது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, குழாயை வடக்கே இலேசாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது வெள்ளி எந்தப் பக்கம் போகிறதோ அது தெற்கு. எங்கள் வெள்ளி தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. விலகல் மெதுவாக நடக்கும் என்று மச்சான் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மோட்டரில் பிழை என்றேன். கியரில் பிழை என்றேன். கனடாச் சாமான் எல்லாம் இப்படித்தான் என்றேன்.

தெற்கே ஓடினால் அச்சு கிழக்கே பார்க்கிறது என்று மச்சான் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிழை வடக்கில் இருந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு கடல். வீட்டுக்கு முன்னால் இருப்பது வடகடல், தீவின் மற்றப் பக்கம் தென்கடல். பிறந்த நாளிலிருந்து வடகடல் இருக்கும் பக்கம் வடக்கு. கோயிலுக்கு வடக்கு, சந்தைக்குத் தெற்கு என்று இடம் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். நானும் தாங்கியை வடகடலுக்கு நேரே திருப்பி வைத்திருந்தேன். ஆனால் மன்னார்த் தீவு சரிந்து கிடக்கிறது. தலைமன்னார் முனை வடமேற்கே, டவுன் தென்கிழக்கே. அப்படிக் கிடக்கிற தீவில் கடலுக்கு நேரே நின்றால் முகம் வடகிழக்கே பார்க்கும். வரைபடத்தில் தீவு சரிந்திருப்பதைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் பார்த்திருக்கிறோம். மண்ணில் நிற்கும்போது ஒருவரும் சரிந்து நிற்பதில்லை; அதனால் மறந்துவிடுகிறோம்.

தாங்கியைக் கல்லோடும் மூட்டையோடும் பெயர்த்து, நன்றாக மேற்குப் பக்கம் திருப்பினேன். அது இப்போது பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டைப் பார்த்து நின்றது. மனைவி வெளியே வந்தாள்.

"என்ன, வடக்கை இடம் மாத்திப்போட்டியளோ?"

"இதுதான் வடக்கு. கடல் இருக்கிற பக்கம் வடகிழக்கு."

"அப்ப எங்கட வீட்டு வாசல்?"

"அதுகும் வடகிழக்குத்தான்."

"வடக்கு வாசலெண்டு சொல்லித்தானே கட்டினனாங்கள்! மேசனுக்கு அப்பவே சொன்னனான் வடிவாப் பாருங்கோ எண்டு" என்று, இறந்துபோன மேசன்மீது கோபப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். யாரையாவது குற்றம் சொல்லிவிட்டால் எங்கள் இருவருக்கும் மனம் ஆறும். இந்த விசயத்தில் நாங்கள் நல்ல சோடி.

அதற்குப் பிறகு வெள்ளி ஓடுவது நின்றது, ஊரத் தொடங்கியது. பக்கவாட்டுத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் இன்னும் மெதுவாக ஊரும். பிழை பெரிதாக இருக்கும்போது வேலை சுலபம், உடனே தெரிந்துவிடும். பிழை சிறிதாகச் சிறிதாகக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடும். அடுத்தடுத்த நாட்களில் ஏழு மணிக்குக் கதிரையைப் போட்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கண்வில்லையில் வைத்து அசையாமல் இருந்தேன். ஒரு சிவப்புக் கோட்டை அவ்வளவு நேரம் நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்போதுதான் கோடு வளைந்திருப்பதைக் கண்டேன்.

பெரிய வளைவு ஒன்றும் இல்லை. நேராக வருகிற கோடு, நடுவுக்குக் கிட்ட வந்ததும் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. வெள்ளி அந்த மேட்டுக்கு வந்தால் விலகுகிறதா, கோடுதான் விலகுகிறதா என்று சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவ்வளவு தூரம் கப்பலில் வந்த சாமான், அதன் உயிரே அந்தக் கோடுதான், அது கோணல். அழைப்பை எடுத்து மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

"கோடு வளைஞ்ச சாமானைப் பாத்து எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாய்."

"அது கண்ணாடியிலை கீறின கோடு அத்தான், வளையாது."

"நான் பொய் சொல்லுறன் எண்டுறியோ?"

"இல்லை அத்தான். கண்வில்லையைக் கையாலை சுத்திப் பாருங்கோ. பிழை அதிலை எண்டால் வளைவும் சேந்து சுத்தும்."

கால்வட்டம் சுற்றினேன். கோடு சுற்றியது. வளைவு சுற்றவில்லை. நடுவுக்குச் சற்று இடப்புறம், முன்பிருந்த அதே இடத்தில், இப்போது அந்த வழியாக வந்த மற்றக் கோட்டை வளைத்துக்கொண்டு நின்றது. இன்னும் சுற்றினேன். எந்தக் கோடு வந்தாலும் அந்த இடத்தில் வளைந்தது. மச்சானிடம் குழாயின் பெரிய கண்ணாடியில் பழுது போலிருக்கிறது என்று சொல்லி அழைப்பை வைத்தேன். அப்படித்தான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். பழுதுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"இஞ்சேர், அந்தச் சிவப்புக் கோடு நடுவிலை வளையுதெல்லோ?"

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்லையே. தங்கூசியை இழுத்துக் கட்டின மாதிரி நேராக் கிடக்கு."

எங்கள் ஊரில் வலை நரம்பைத் தங்கூசி என்போம். அவளுடைய தகப்பன், தமையன்மார் எல்லாரும் வலைக்காரர். அவள் சின்ன வயதிலிருந்து தங்கூசியை நேர் பார்த்து வளர்ந்தவள். அதில் அவளை ஏமாற்ற முடியாது.

"வடிவாப் பாரும். இடப்பக்கம்."

"வடிவாத்தான் பாக்கிறன். நேர்." பிறகு கண்ணை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் வெளிச்சம் இல்லை, முகம் தெரியவில்லை. "நீங்கள் எந்தக் கண்ணாலை பாத்தனீங்கள்?"

"வலதாலை."

"மற்றதாலை பாருங்கோ."

இடது கண்ணை வைத்தேன். கோடு நேராக இருந்தது. வலதை வைத்தேன், வளைந்தது. இடது, நேர். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை தொலைநோக்கியில் இல்லை என்று அறிந்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். பயம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தபிறகு போகவில்லை.

வேறு பலதும் அப்போது விளங்கியது. கொஞ்சக் காலமாக மன்னார் வீதியில் லைற் போஸ்ற்றுகள் சில நேரம் நடுவில் முறுகி நிற்பதுபோல் தெரிந்தன. நட்டவர்களைத் திட்டினேன். பிறகு காற்றைத் திட்டினேன். மன்னார்க் காற்றுக்காக யாரும் பரிந்து பேச வரமாட்டார்கள். பத்திரிகையில் எழுத்து நெளிந்தபோது அச்சடித்தவனைத் திட்டினேன். இவ்வளவு பேரையும் திட்டினேனே தவிர, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதானே மனிதர் சீவிக்கிறார்கள்.

"நாளைக்கு வான் ஓடாதேங்கோ" என்றாள் மனைவி சாப்பாடு போடும்போது.

"பிள்ளையளுக்குச் சோதினை."

"சோதினை பிறகும் வரும்."

அவள் சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொன்னாள். மற்றப் பாதி எனக்கு விளங்கியது, அதனால்தான் கோபம் வந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது, இவ்வளவு காலம் ஓடியவனுக்கு றோட்டைத் தெரியாதா என்று கத்தினேன். காலையில் வானை எடுத்தேன். அவள் வந்து முன் சீற்றில் ஏறி இருந்தாள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. டவுன் வரைக்கும் அவள் றோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

வழியில் ஓரிடத்தில் வழக்கம்போலக் கழுதைகள் நின்றன. மன்னார்க் கழுதைகள் ஹோர்னுக்கு மசியாது. அவையாக நினைத்து நகர்ந்தால்தான் உண்டு. வானை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். நான் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் நடு றோட்டில் நின்ற ஒரு கழுதையின் முகத்தைப் பார்த்தேன். உடம்பு இருந்தது, நாலு கால் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் கையால் தேய்த்ததுபோல ஒரு சாம்பல் கறை. பார்வையைக் கொஞ்சம் தள்ளினால் முகம் திரும்பி வந்தது, பார்த்த இடம் போய்விட்டது. நான் எதைப் பார்க்கிறேனோ அது இல்லை. அந்த இடத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை நின்றால் என்று நினைப்பு வந்தது. வானின் திறப்பைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தேன்.

மனைவி தன் அக்காவின் மகனுக்கு அழைப்பு எடுத்தாள். எனக்குப் பெறாமகன் முறை, ரிப்பர் லொறி ஓட்டுகிறவன். மோட்டர் சைக்கிளில் வந்து, என்ன ஏது என்று கேட்காமல் திறப்பை வாங்கி எஞ்சினை முடுக்கினான். நான் பின் சீற்றில் ஏறினேன். என் வானின் பின் சீற்றில் இருந்து பார்த்தால் றோட் எப்படித் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகள் வழக்கமாக முறையிடுவது சரி, குலுக்கம் அதிகம்தான்.

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் இளம் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைத் தந்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணுக்கு அது கணக்குக் கொப்பித் தாள். வலது கண்ணுக்கு யாரோ நடுவில் பிடித்துக் கசக்கிய வலை. அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்துப் பார்த்தார். பார்வைத் திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், வந்தது என்றார். எனக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியும். சுகமாக இருக்கிற நாட்களில் மருந்துக் குளிசை போடுவதில்லை. நான் பெரும்பாலும் சுகமாகத்தான் இருந்தேன்.

"இடது கண் இன்னும் நல்லா இருக்கு ஐயா. கன பேர் மற்றக் கண்ணும் பழுதான பிறகுதான் வாறவை. நல்ல கண், பழுதான கண்ணை மறைச்சுப்போடும். நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

சொன்னேன். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் அவர் கண்வில்லையைச் சுற்றிய இடத்தைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணில் ஒரு கோடு நெளிந்தாலும் உடனே வர வேண்டும். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை. நினைத்த அளவு நோகவில்லை, நினைத்ததைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். போய்ப் போய் வந்தேன். நீர் கொஞ்சம் வற்றியது. வளைவு போகவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"இதுக்கு மேலை இந்தக் கண்ணிலை பெரிசா எதிர்பாக்கேலாது ஐயா. இருக்கிறதைக் காப்பாத்துவம். பிள்ளையளை ஏத்தி ஓடாதேங்கோ."

வீடு வீடாகப் போய் நானே சொன்னேன். பெறாமகன் ஓடுவான், கவனமான பிள்ளை என்று. காரணத்தையும் சொன்னேன். ஒருவரும் என்னோடு கோபிக்கவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து என் வானில் வந்த பிள்ளையின் தாய், "நீங்கள் ஓடேக்கை நாங்கள் ஒருநாளும் பயப்பிட்டதில்லை" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பயப்பட்டிருக்க வேண்டியவள் அவள்.

கச்சான் காற்று வந்து ஊரெல்லாம் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனது. பிறகு மழை. தொலைநோக்கி அறை மூலையில், நான் உடுத்துப் பழசான சாரத்தால் மூடிக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. காலையில் வான் புறப்படுகிற சத்தம் கேட்டால் எழும்பி, கியர் மாற்றுகிற இடத்தில் ஒரு குறை கண்டுபிடித்து, மனைவியிடம் சொல்லிவிட்டு, பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் குடிப்பேன். தாளை எடுத்து இடது கண்ணால் பார்ப்பேன். நேர். வலதால் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் பார்ப்பேன். அந்த நாட்களில் எனக்கு எல்லார்மேலும் எரிச்சல். கண் இருக்கிற எல்லார்மேலும் என்று சொன்னால் இன்னும் சரி.

மழை விட்டு, அந்த மூன்று வெள்ளியும் மைம்மலில் கிழக்கே ஏறி நிற்கிற காலம் திரும்பவும் வந்தது. ஒருநாள் மனைவிதான் சாரத்தை உருவினாள்.

"இதை எடுங்கோவன். தூசி பிடிக்குது."

"ஆர் பாக்கிறது? அந்தக் கோட்டை ஒரே பிடியாப் பாக்கவேணும். இருக்கிற கண்ணைக் கஸ்டப்படுத்தேலாது."

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால் திரும்பவும் இருக்கப் பயம். இடது கண்ணிலும் அது வளைந்துவிட்டால் என்ற பயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

"நான் பாக்கிறன். நீங்கள் திருகாணியைத் திருப்புங்கோ."

வானம் என்றால் மழை வருமா வராதா என்பதற்கு மேல் அவள் அக்கறைப்பட்டதில்லை. ஆனால் கதிரையில் ஏறி இருந்ததும் அசையவே இல்லை. குழாயின் மேலால் குறிபார்த்து வெள்ளியைப் பிடித்துக் கொடுத்தேன். நான் தாங்கியின் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரம் போனது.

"வடகடல் பக்கம் போகுது."

"எந்த வடகடல்? உண்மையான வடக்கோ, எங்கட வடக்கோ?"

"எனக்கென்ன தெரியும்? இதுக்குள்ளை ஏது கடல்!"

ஆகவே மேலே, கீழே என்று வைத்துக்கொண்டோம். கோடு படுக்கையாக இருக்கும்படி கண்வில்லையைத் திருப்பி, குழாயை வடக்கே தள்ளி, வெள்ளி போன பக்கத்தைத் தெற்கென்று குறித்தோம். அது கீழே. அதன்பின் அவள் "மேலை" என்றால் நான் கிழக்கே திருப்பினேன். "கீழை" என்றால் மேற்கே. அவள் என்னைவிட நல்ல ஆள். ஒரு மயிரிழை விலகினாலும் பிடித்துவிடுவாள். நான் பார்த்த நாட்களில் அரைக் கோட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவள் விடவில்லை.

கிழக்கு வெள்ளியைப் பிடித்து உயரத்தைச் சரிசெய்வதில்தான் பாடுபட்டோம். சரிவுத் திருகாணி உதவாது, எல்லாம் கல்லும் கட்டையும்தானே. கல்லுக்கு மேல் ஒரு ஓட்டுத் துண்டு வைத்தால் கூடிவிட்டது, எடுத்தால் குறைந்துவிட்டது. கடைசியில் என் பழைய செருப்பின் அடியை வெட்டி வைத்தேன். இப்படி மூன்று நான்கு பின்னேரங்கள். இடையில் அவள் எழும்பிப் போய்ச் சோறு வடித்துவிட்டு வருவாள். அவள் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, தகப்பனோடு வலை காயப்போட்ட கதையெல்லாம் கண்ணை எடுக்காமல் சொல்வாள். இருட்டில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு திருகாணியில் கை வைத்திருப்பது எனக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு மாதத்தில் முதல் தடவையாக எரிச்சல் இல்லாமல் இருந்தேன்.

கடைசிப் பின்னேரம் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் காத்திருந்தேன். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. எங்கோ ஒரு படகின் வெளியிணைப்பு எஞ்சின் கடலுக்குள் போனது.

"மேலையோ கீழையோ?" என்றேன்.

"அசையேல்லை."

"வடிவாப் பாரும்."

"அசையேல்லை எண்டுறன். கோட்டிலையே நிக்குது. குத்தி வச்ச மாதிரி."

நான் எழும்பினேன். முழங்கால் மரத்துப்போயிருந்தது. சந்தோசத்தில் அவளுடைய தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். கண்வில்லையில் நெற்றியை இடித்துக்கொண்டு என்னை ஏசினாள். உள்ளே போய்க் கமெராவையும் பூட்டுகிற வளையத்தையும் கொண்டுவந்தேன். கண்வில்லையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கமெராவைப் பூட்ட வேண்டும், குழாயை அந்த மேகத்துக்குத் திருப்ப வேண்டும், ஐந்து நிமிசம் திறந்து வைக்க வேண்டும். இனி வெள்ளி எங்கேயும் ஓடாது. அவளுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவள் கமெராவைக் கையில் வாங்கி, பாரம் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனி இதுதான் பாக்கும்?"

"ஓம்."

"நல்லதாப் போச்சு" என்றாள், பெரிய ஆறுதலோடு. "இனி நீங்கள் பாக்கத் தேவையில்லை."

எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு மிச்சமிருக்கிற கண்ணைப் பற்றி அவளுக்கு இருந்த பயம், என்னுடையதைவிட அதிகம். ஆனால் இத்தனை பின்னேரமும் நான் பாடுபட்டது எனக்குப் பதிலாகப் பார்க்க ஒன்றை உட்கார வைப்பதற்கு என்பது அதுவரை உறைக்கவில்லை.

கமெராவை அவளிடமிருந்து வாங்கித் திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

"அதுக்கு என்ன அவசரம்? அதுக்குச் சீனி வருத்தம் இல்லை. அது நாளைக்கும் பாக்கும், அடுத்த வருசமும் பாக்கும்" என்றேன். "எழும்பும். முதல்லை நான் பாக்கிறன்."

அவள் எழும்பிக் கதிரையைத் தந்தாள். நான் இடது கண்ணை வைத்தேன்.